நாலு கட்டு, நாற்பது கொட்டை: சூதில் மூளை முடிவெடுக்கும் விதத்தைத் தோட்டத்து மன்றத்தில் செய்து காட்டும் முறை

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கொடுக்கும் தீபாவளி அட்வான்ஸ் (முற்பணம்) கைக்கு வருவதற்கு முந்திய இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்தச் சோதனைக்கு ஏற்ற காலம். பணம் கைக்கு வந்த பிறகு நடத்தினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஏன் என்பது கடைசிப் பகுதியில் வரும்.

சூதாடாதே என்ற பேச்சை லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கேட்காதவர் இல்லை. பெட்டிங் சென்டருக்குப் போகிறவருக்கும், ரம்மிக்குக் காசு வைத்து உட்காருகிறவருக்கும், தினமும் ஐந்தாறு லொத்தர் சீட்டு எடுக்கிறவருக்கும் நட்டம் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை போகிறது. மூளையில் தெரிந்துகொள்ளும் வேலையும் தெரிவு செய்யும் வேலையும் முழுக்க ஒன்றல்ல. இதை வாயால் சொன்னால் ஏறாது. ஆடிப் பார்த்து, தன் கை போன வழியைத் தானே தாளில் பார்த்தால் ஏறும். அதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அன்டோயின் பெஷாராவும் அன்டோனியோ டமாசியோவும் அவர்களுடைய கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட நாலு கட்டுச் சோதனை அது; நாலு சீட்டுக் கட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஆடும் ஆட்டம். நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே மூளையின் அடிநடுப் பகுதி சேதமானவர்கள் நன்றாகப் பேசுவார்கள், கணக்குப் போடுவார்கள். வாழ்க்கையில் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாகத் தவறான முடிவு எடுப்பார்கள். ஏன் அப்படி என்று பார்க்கத்தான் அதை உருவாக்கினார்கள். இங்கே தருவது அதைத் தோட்டத்து வாசிகசாலையில் செய்யத் தக்கதாக எளிமையாக்கிய வடிவம்.

தேவையான பொருட்கள்

பிரிஸ்டல் போர்ட் 3 தாள். 22 அங்குலத்துக்கு 28 அங்குலம் உள்ள தாளை இரண்டரைக்கு மூன்றரை அங்குலமாக வெட்டினால் ஒரு தாளில் 64 காட் (சீட்டு) வரும். நமக்கு வேண்டியது 160, மிச்சம் பழுதானால் மாற்றுவதற்கு. கடையில் விற்கும் சாதாரண காட்ஸ் கட்டை எடுக்காதீர்கள். இராசாவும் ஆசும் கண்ணில் பட்டவுடன் ஆள் படத்தில் இரகசியம் தேடத் தொடங்கிவிடுவார், சோதனை கெட்டுவிடும். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை பின்பக்கம் தெரியும். எழுதிய காட்டை பல்புக்கு நேரே பிடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காசுக்குப் பதில் தேயிலைக் கொட்டை, இல்லாவிட்டால் காய்ந்த சோளம். மேசைக்கு ஏறத்தாழ 200. நாணயமோ நோட்டோ மேசைக்கு வரவே கூடாது. பத்து ரூபாய்க் குற்றி வைத்தாலும் அது சூதாட்டம்தான். அந்தப் பழக்கத்திலிருந்து மீள முயல்கிற ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவருக்கு நாமே குழி தோண்டுகிறோம். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆடவிடாதீர்கள். கடனில் மாட்டித் தவிக்கிறவரையும் ஆட அழைக்க வேண்டாம். அவரோடு தனியாகப் பேசலாம்.

நாலு கட்டுக்கும் பின்பக்கம் அ, ஆ, இ, ஈ என்று எழுதுங்கள். கட்டுக்கு 40 காட். அ, ஆ கட்டுகளில் எந்தக் காட்டை எடுத்தாலும் 2 கொட்டை வரவு; இ, ஈ கட்டுகளில் 1 கொட்டை வரவு. சில காட்டுகளில் வரவோடு செலவும் இருக்கும்:

அ கட்டு: முதல் பத்தில் 3ஆவது காட்டில் 3, 5ஆவதில் 6, 7ஆவதில் 4, 9ஆவதில் 5, 10ஆவதில் 7 கொட்டை செலவு. மொத்தம் 25. அடுத்த ஒவ்வொரு பத்திலும் இதே ஐந்து செலவையும் இடம் மாற்றிப் போடுங்கள்.
ஆ கட்டு: 9, 14, 21, 32ஆவது காட்டுகளில் மட்டும் செலவு. ஒவ்வொன்றிலும் 25 கொட்டை.
இ கட்டு: ஒவ்வொரு பத்திலும் ஐந்து காட்டில் தலா 1 கொட்டை செலவு.
ஈ கட்டு: 10, 20, 29, 35ஆவது காட்டுகளில் மட்டும் செலவு. ஒவ்வொன்றிலும் 5 கொட்டை.

கணக்கைப் பாருங்கள். அ, ஆ இரண்டிலும் பத்துக் காட் எடுத்தால் 20 வருகிறது, 25 போகிறது: ஐந்து நட்டம். இ, ஈ இரண்டிலும் 10 வருகிறது, 5 போகிறது: ஐந்து இலாபம். பெரிய வரவு காட்டும் கட்டுதான் ஆளைக் கவிழ்க்கும் கட்டு. இந்தக் கணக்குத் தாளை நடத்துகிறவர் மட்டும் வைத்திருக்க வேண்டும்.

மலைநாட்டில் ஒரு தொல்லை உண்டு. மூடுபனிக் காலத்தில் போர்ட் ஈரத்தை இழுத்து விளிம்பு வளையும். அடிக்கடி கைபட்ட காட்டின் மூலை மடியும், இரண்டு காட் ஒன்றாக ஒட்டி வரும். மூன்றாவது ஆள் ஆடும்போதே, மூலை மடிந்த காட்டில் பெரிய செலவு இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். கட்டுகளை பிஸ்கட் டின்னில் ஒரு பிடி வறுத்த அரிசி முடிந்த துணியோடு வைத்து மூடுங்கள். மடிந்த காட்டை உடனே மாற்றுங்கள்.

ஆட்டத்தை நடத்துவது

ஒரு மேசைக்கு ஒருவர் ஆட, ஒருவர் நடத்த, ஒருவர் குறிக்க. ஆடுகிறவருக்கு 40 கொட்டை கடனாகக் கொடுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நாலு கட்டு இருக்கு. எதிலிருந்து வேண்டுமானாலும் ஒவ்வொன்றா எடுங்க. எப்ப வேணும்னாலும் கட்டு மாறலாம். சில கட்டு மற்றதை விட மோசம். கொட்டையைப் பெருக்கப் பாருங்க." எத்தனை தடவை எடுக்கலாம் என்பதைச் சொல்லாதீர்கள். மொத்தம் 100 தடவை. 100 என்று தெரிந்தால் கடைசிப் பத்தில் ஆள் வேறு மாதிரி ஆடுவார்.

வரவை முதலில் கையில் கொடுங்கள். பிறகு செலவைக் கேட்டு வாங்குங்கள். இந்த வரிசை முக்கியம். காட்டைப் பார்த்து "ரெண்டு கூட்டி இருபத்தஞ்சு கழிச்சா" என்று கணக்காகச் சொன்னால் அது வெறும் எண்ணாகப் போய்விடும். மேசையில் குவிந்த கொட்டையிலிருந்து இருபத்தைந்தைக் கை நீட்டி வாரும்போது ஆடுகிறவரின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். கொட்டை தீர்ந்தால் இன்னொரு 40 கடன் கொடுத்து, கடனைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டு தீர்ந்தால் அதையே மறுபடி மேலிருந்து தொடங்குங்கள்.

குறிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் எந்தக் கட்டு என்ற எழுத்தை மட்டும் எழுத வேண்டும். 20ஆவது தடவை முடிந்ததும், அதற்குப் பிறகு ஒவ்வொரு 10 தடவைக்கும் ஒருமுறையும் நிறுத்திக் கேட்க வேண்டும்: "ஒவ்வொரு கட்டும் எப்படிப்பட்டது?" சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். "தெரியலை" என்றால் தெரியலை என்றே எழுதுங்கள். ஒருவர் ஆடி முடிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும்.

ஆட்டம் கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, நடத்துகிறவரின் முகம். ஆ கட்டில் 9ஆவது காட் நெருங்கும்போது அவர் மூச்சைப் பிடித்தால் ஆடுகிறவர் கண்டுகொள்வார். தாளையே பார்த்துக்கொண்டு பேசுகிற ஒருவரை அந்த வேலைக்குப் போடுங்கள். இரண்டாவது, பின்னால் நிற்கிற கூட்டம். "அதுல எடுக்காத மச்சான்" என்று ஒரு குரல் வந்தால் அந்த ஆளின் கணக்கைத் தள்ளிவிட வேண்டியதுதான். ஆடாதவர்களை வெளியே, பிள்ளை மடுவத்துப் பக்கம் அனுப்பிவிடுங்கள். மூன்றாவது, கட்டு வைக்கும் இடம். ஒவ்வொரு ஆளுக்கும் நாலையும் இடம் மாற்றி வையுங்கள். கைக்குக் கிட்ட இருக்கிற கட்டுக்கே கை அடிக்கடி போகலாம்.

தாளை வாசிப்பது

100 தடவையை 20, 20ஆக ஐந்து பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் இ, ஈ எடுத்த தொகையிலிருந்து அ, ஆ எடுத்த தொகையைக் கழியுங்கள். 8 நல்லது, 12 கெட்டது என்றால் −4. 14 நல்லது, 6 கெட்டது என்றால் +8. ஐந்து புள்ளியையும் கோடாக இழுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பலருடைய கோடு கழித்தலில் தொடங்கி மெல்ல ஏறும். ஏறாதவரும் இருப்பார். அவருக்கு மூளைக்கோளாறு என்று யாரும் வாய் திறக்கக் கூடாது; இந்த ஆட்டத்தின் புள்ளியை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நல்ல மூளை உள்ளவர்களிலும் பலர் ஆ கட்டைக் கடைசிவரை விடுவதில்லை என்று பிற்கால ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

அந்த ஆ கட்டில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை இனிக்கும். ஒரே தடவை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். ஒன்பது இனிப்பையும் மூளை தனித்தனியாக எண்ணுகிறது, அடியை ஏதோ ஒருநாள் நடந்த விபத்து என்று ஒதுக்கிவிடுகிறது. "தோற்றால் இரட்டிப்பாக வை, ஒரு தடவை வென்றால் எல்லாம் திரும்பிவிடும்" என்ற பந்தயமும் இதே ஆ கட்டுத்தான். கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்: 100, 200, 400, 800, 1600, 3200, 6400. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபா. எட்டாவதுக்கு வைக்க வேண்டியது 12,800. அதை வென்றாலும் கையில் மிஞ்சுவது முதலில் வைத்த 100தான். பூவா தலையா ஆட்டத்தில் ஏழு தொடர் தோல்வி 128இல் ஒன்று. தினமும் ஆடுகிறவருக்கு அது தூரத்தில் இல்லை.

பிறகு அவரவர் தாளை அவரவர் கையில் கொடுங்கள். "ஆ கட்டு மோசம்" என்று எந்த இடத்தில் சொன்னார், அதற்குப் பிறகு எத்தனை தடவை ஆ கட்டில் கை வைத்தார் என்பதை அவரே எண்ணட்டும். பலருக்கு அந்தத் தொகை பூச்சியமாக இருக்காது.

இங்கே 1997இல் வந்த ஆய்வைச் சொல்லலாம். அதே குழுவினர் 10 ஆரோக்கியமானவர்களுக்கும், மூளையின் அந்த அடிநடுப் பகுதி சேதமான 6 பேருக்கும் உள்ளங்கை வியர்வையை அளந்துகொண்டே இந்த ஆட்டத்தை வைத்தார்கள். ஆரோக்கியமானவர்களின் கை, கெட்ட கட்டை எடுக்கப் போகும் முன்பே வியர்த்தது. எது கெட்டது என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே. சேதமானவர்களுக்கு அந்த வியர்வை வரவில்லை. அவர்களில் பாதிப்பேர் எந்தக் கட்டு கெட்டது என்று சரியாகச் சொன்னார்கள், சொல்லிவிட்டு அதிலேயே எடுத்தார்கள். ஒரு விஷயத்தில் கவனம்: நுணுக்கமாகக் கேள்வி கேட்டால் ஆடுகிறவர்களுக்கு முதலில் நினைத்ததை விட முன்கூட்டியே விளங்கியிருக்கிறது என்று 2004இல் மயா, மெக்லெலண்ட் இருவரும் காட்டினார்கள். ஆகவே "உடம்புக்கு எல்லாம் தெரியும், உள்மனசைக் கேள்" என்று பேசிவிடாதீர்கள். பெட்டிங் சென்டரில் உள்மனசைக் கேட்டவர்கள்தான் நிறையப் பேர். அறிவு தனியாகக் கையை நிறுத்தாது என்ற அளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேசையிலேயே சாட்சி இருக்கிறது.

மூன்று சின்னச் சோதனை

முதலாவதுக்கு ஒரு நாணயமும் தாளும் போதும். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தை உண்மையாகவே 50 தடவை சுண்டி எழுதச் சொல்லுங்கள். மறுபக்கம் சுண்டாமல் கற்பனையாக எழுதட்டும். நீங்கள் வெளியே போய்விட்டு வந்து, எது பொய்த் தாள் என்று கண்டுபிடியுங்கள். உண்மைத் தாளில் பெரும்பாலும் ஐந்து பூவோ ஐந்து தலையோ தொடர்ந்து வந்திருக்கும். பொய் எழுதுகிறவர் மூன்று வந்ததுமே மாற்றிவிடுவார். "இவ்வளவு தடவை வந்துவிட்டது, இனி மற்றதுதான்" என்று மூளை அடித்துச் சொல்கிறது. 1913இல் மொண்டே கார்லோ சூதாட்ட மாளிகையில் ரூலெட் சக்கரம் தொடர்ந்து 26 தடவை கறுப்பில் நின்றபோது, சிவப்பு வந்தே தீரும் என்று காசைக் கொட்டியவர்கள் எல்லாம் இழந்தார்கள். நாணயத்துக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாவது, தாளில் இரண்டு கேள்வி. "தலை விழுந்தால் 100 ரூபா கொடுக்க வேண்டும். பூ விழுந்தால் எவ்வளவு கிடைத்தால் ஆடுவீர்கள்?" பலர் 200க்குக் கிட்ட எழுதுவார்கள். இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிக்கிறது. 2007இல் ரசல் போல்ட்ராக் குழுவினர் 16 பேரை ஸ்கேனில் வைத்து இப்படிக் கேட்டபோது, இலாபம் கூடக் கூட விழிக்கும் அதே மூளைப் பகுதிகள் இழப்பு கூடக் கூட அதைவிட வேகமாக அடங்கின. இனி அடுத்த கேள்வி: "இப்போதே நிச்சயமாக 5,000 இழக்கிறீர்களா, அல்லது சுண்டி, ஒன்று 10,000 இழப்பது அல்லது ஒன்றுமே இழக்காமல் தப்புவது?" முதல் கேள்வியில் பயந்தவர்களே இதில் சுண்டத் துணிவார்கள். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிக் காட்டியது இதைத்தான். அட்வான்ஸில் பாதி போன பிறகு "போனதைப் பிடிச்சிட்டுப் போறேன்" என்று உட்காருகிறவர் புதிதாகத் துணிச்சல் பெற்றவர் அல்ல. பள்ளத்தில் நிற்கும்போது மூளை துணியும், அவ்வளவுதான். இந்த ஒன்றை மனைவிமாருக்கும் அம்மாமாருக்கும் விளங்கப்படுத்துவது நல்லது. தோற்று வந்த இரவில் ஏசினால், அவரை அந்தப் பள்ளத்தில் இன்னும் இறக்கிவிடுகிறோம்.

மூன்றாவது லொத்தர். ஆறு இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் ஒத்துவர வேண்டிய சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 26 எழுத்தும் பயன்பட்டால் 2 கோடியே 60 இலட்சம் சேர்க்கை. தினம் ஒன்றாக எல்லாவற்றையும் எடுத்து முடிக்க 71,000 வருடத்துக்கு மேல் வேண்டும். "அஞ்சு நம்பர் சரி, ஒண்ணுதான் தவறிடுச்சு" என்று ஒருவர் மனம் குமுறும்போது அவர் நெருங்கியிருக்கிறாரா? இல்லை, நாளைய குலுக்கலுக்கு அவரும் இலக்கம் ஒன்றுகூட ஒத்துவராதவரும் ஒன்றுதான். ஆனால் மூளை அப்படிப் பார்ப்பதில்லை. 2009இல் லூக் கிளார்க் குழுவினர் ஸ்லொட் மெஷின் போன்ற ஆட்டத்தில் கண்டது: மயிரிழையில் தவறும்போது ஆட்களுக்கு மனம் கசக்கிறது, அதே நேரம் மறுபடி ஆடும் ஆசை கூடுகிறது, வெற்றிக்கு விழிக்கும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதி இதற்கும் விழிக்கிறது.

மூளைக் கலங்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் டோபமின் என்ற இரசாயனத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். அதை மகிழ்ச்சிச் சுரப்பு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பார்த்தது இது: எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் கலங்கள் துடிக்கும். சாறுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகிய பின், விளக்குக்கே துடிக்கும், சாறுக்குத் துடிக்காது. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு சட்டென்று இறங்கும். 2003இல் வந்த அவர்களுடைய இன்னோர் ஆய்வில், கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான், காத்திருக்கும் நேரத்துத் துடிப்பு உச்சத்தில் இருந்தது. சித்திரை சீசனில் நுவரெலியா ரேஸ் மைதானத்தில் குதிரை ஓடி முடிவதற்கு முந்திய நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நிமிடத்துக்காகவே காசு போகிறது.

கைக்குக் காசு வருமுன்

மேலே உள்ள எல்லாவற்றிலிருந்தும் செய்ய வேண்டியது ஒன்றுதான் வருகிறது: முடிவை மேசைக்கு முன்னால் எடுக்காமல், அதற்கு வெகு முன்பே எடுத்துவிட வேண்டும். அதனால்தான் அட்வான்ஸுக்கு முந்திய ஞாயிறு. மண்டபத்தை விட்டுப் போகுமுன் ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும்: அட்வான்ஸ் எவ்வளவு, அதில் துணிமணிக்கு, கடைக் கடனுக்கு, பிள்ளையின் கொப்பிக்கு எவ்வளவு, யாரிடம் எந்த நேரம் கொடுக்கப் போகிறேன். "வீட்டுக்குக் கொடுப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "சம்பளக் காசு எண்ணியவுடன், டவுனுக்கு இறங்குமுன், அக்கா கையில் 12,000" என்று ஆளும் இடமும் தொகையும் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக்குப் போகிறவர் ஏடிஎம் காட்டை அன்று யாரிடம் வைப்பது என்பதையும் எழுதட்டும்.

டவுனுக்குப் போவதானால் பெட்டிங் சென்டர் வாசல் வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போகாத பாதையைத் தெரிவு செய்யுங்கள். பெயர்ப்பலகை, டீவி வெளிச்சம், தெரிந்த முகம் எல்லாம் அந்தக் குரங்கின் விளக்குத்தான். போனில் பந்தய அப் இருந்தால் அழிப்பது மட்டும் போதாது. அதில் சேமித்த வங்கிக் காட் விவரத்தை முதலில் நீக்குங்கள். ஆசை எழுந்தால் இருபது நிமிடம் ஒத்திப்போடுங்கள், அந்த நேரம் கையில் வேறு வேலை இருக்கட்டும். எழுந்த ஆசை பெரும்பாலும் அதற்குள் தணியும். தணியாவிட்டால் இன்னொரு இருபது.

ஃபெக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஒரு இரவு தூங்காமல் இருந்தாலே மூளை இழப்பைத் தவிர்ப்பதிலிருந்து இலாபத்தைத் தேடுவதற்குச் சாய்கிறது என்று 2011இல் ஆய்வு வந்திருக்கிறது. அந்தக் காலையில் காசு பற்றிய எந்த முடிவும் வேண்டாம். குடித்திருக்கும்போதும் அப்படியே.

வயதான ஒருவர் வாழ்நாளில் தொடாத பந்தயத்தில் திடீரென்று இறங்கினால், அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமின் போலவே வேலை செய்வதால் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையை உண்டாக்கும். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போய் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார்.

கடன் மறைத்தல், பொய், நிறுத்த முயன்று முயன்று தோற்றல், தூக்கமின்மை இவை சேர்ந்து வந்தால் அது மன்றத்துச் சோதனையால் தீருகிற விஷயம் அல்ல. 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு சூதாட்ட நோயை மது, போதை அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். செத்துப் போகிறேன் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே, அவரைத் தனியே விடாமல் போங்கள். அழைக்கும்போது அவரே பேசத் தயங்கினால், பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டு நீங்கள் பேச்சைத் தொடங்கி, பிறகு போனை அவர் கையில் கொடுங்கள்.